மாடி அறைக்கு வந்தவர்கள்

அத்தியாயம் பதினேழு

தேநீர்த் தட்டோடு வெளிப்படிக்கட்டில் ஏறும்போதெல்லாம் சின்னவளுக்கு ஒரு பெருமிதம் வரும். இந்தப் படிகளுக்கு நீலச் சாயம் அடித்தவள் அவள்தான். மேலே இருக்கும் அறையின் திரைச்சீலை, மேசை விளக்கு, குளியலறைக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் மரச்சட்டம் எல்லாம் அவள் அலைந்து வாங்கியவை, இல்லாவிட்டால் அவள் கையால் செய்தவை.

மாமனார் போன பிறகு, கூரை ஒழுகும் இந்தப் பெரிய வீட்டை விற்றுவிடலாம் என்று முதலில் பேச்செடுத்தவன் வெளியூரில் இருக்கும் மூத்த மகன், பெரியவன். "விக்கறதா? மாடியை என் கையில குடுங்க. வீட்டை அதுவே காப்பாத்தும்" என்று சவால் விட்டாள் இளைய மருமகளான சின்னவள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலையை விட்டுவிட்டு வந்து, மாடி அறையைத் துடைத்து மினுக்கி, அறை வாடகைக்கு விடும் கைபேசி ஆப்பில் படம் போட்டாள். ஓர் இரவு, இரண்டு இரவு என்று ஆட்கள் வந்து தங்கிப் போனார்கள். நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டார்கள். கூரை ஒழுகுவது நின்றது.

போன வாரம் நாம் சின்னவளை ஜன்னலோரத்தில் விட்டோம். பின்கட்டு மோட்டார் அறைக்குள் டார்ச் அடித்து எதையோ ஆராய்ந்துகொண்டிருந்த விருந்தாளியைப் பார்த்து அவள் திகைத்து நின்றாள். அந்த விருந்தாளி, மாடியில் தங்கியிருக்கும் பல் டாக்டரம்மாவின் கணவர். இன்று மதியம் இருவரும் கிளம்புகிறார்கள்.

'நல்லபடியா கிளம்பட்டும். அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டுப் போகட்டும்' என்று நினைத்தபடியே கதவைத் தட்டினாள்.

"வாங்க, வாங்க! இந்த டீக்காகவே இன்னொரு நாள் இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்கு. வந்த அன்றே, "இடது பக்கம் மேல் கடவாய்ப் பல்லை எங்கயாவது காட்டிடுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சின்னவள் அவர் எதிரில் வாயை மூடியே சிரிக்கிறாள்.

டாக்டரம்மாவின் கணவர் குளியலறையில் முட்டி போட்டுக் கைகழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டிருந்தார்.

"ஐயோ சார், குழாய் ஒழுகுதா? சொல்லியிருக்கலாமே!"

"ஒழுகல, ஒழுகல. பழைய இரும்புக் குழாயா, மாத்திட்டீங்களான்னு சும்மா பார்த்தேன்."

"மாத்தியாச்சு சார். சுவத்துக்குள்ள போறது உட்பட எல்லாமே புதுசு. நான் பக்கத்துலயே நின்னு வேலை வாங்கினேன்."

"பார்த்தியா? நான் சொல்லல?" என்று அவர் மனைவியைப் பார்த்தார்.

டாக்டரம்மா தேநீரை ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"தப்பா எடுத்துக்கலைன்னா ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க எப்ப காலி பண்றதா இருக்கீங்க?"

சின்னவள் வாயை மூடிச் சிரித்தாள். "நாங்க எங்க டாக்டர் காலி பண்றது? காலி பண்ண வேண்டியவங்க நீங்கதான். அதுகூட மதியத்துக்கு மேலதான். மெதுவா கிளம்புங்க."

"ரூமைச் சொல்லலம்மா. வீட்டை."

"எந்த வீட்டை?"

டாக்டரம்மா முதன்முறையாக அவள் பல்லைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார். "இந்த வீட்டைத்தான். நாங்க வாங்கப் போற வீட்டை."

சின்னவள் தட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா?" டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "அடக் கடவுளே. தெரியும்னுதான் நினைச்சேன். உங்க வீட்டுக்காரரோட அண்ணன்தான் எங்ககிட்ட பேசினார். பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் தட்டிப் பாக்கறவ நான். தங்கிப் பார்க்காம வீடு வாங்க மாட்டேன்னு சொன்னேன். 'அப்ப விருந்தாளியாவே ஆப்புல பதிவு பண்ணிட்டுப் போய்த் தங்குங்க'ன்னார். கீழ் ஹாலை க்ளினிக்கா மாத்திட்டு, மேல நாங்க இருக்கலாம்னு..."

"எங்க வீட்டுக்காரருக்கு இது தெரியாது" என்றாள் சின்னவள். அதை வேகமாகச் சொன்னாள்.

"தெரியாதா? முந்தாநாள் எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்த் தண்ணித் தொட்டி, கூரைக்குப் பூச்சு பூசினது எல்லாம் காட்டினதே அவர்தானேம்மா. அதோட உங்க வீட்டுல மத்தவங்களும்..."

கணவர் இருமினார். தொண்டையில் எதுவும் இல்லாதவர் இருமும் இருமல். டாக்டரம்மா சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

சின்னவளுக்கு வந்த அன்று மாலை ஞாபகம் வந்தது. 'இந்தப் பக்கம் வெயில் வருமா?' என்று டாக்டரம்மா ஒரு கேள்விதான் கேட்டார். இவள் வீடு முழுக்க அழைத்துப் போய்விட்டாள். 'இந்த ஜன்னல்கிட்ட காலையில உக்காந்தா மனசு லேசாயிடும். இது ராத்திரியில நாய்கூடக் குரைக்காத தெரு. சமையல்கட்டுல புகை நிக்காது, பாருங்க.' தன் படுக்கையறைக் கதவைக்கூடத் திறந்து, 'இங்கதான் நல்ல காத்து' என்று காட்டினாள். அவர்கள் வாய் பிளந்து கேட்டதில் பூரித்துப் போயிருந்தாள்.

அவள் மனதில் ஓடியது டாக்டரம்மாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். "நாங்க அரை மனசோடதாம்மா வந்தோம்" என்றார் மெல்ல. "எங்க மனசை மாத்தினதே நீங்கதான்."

தட்டை அங்கேயே வைத்துவிட்டுச் சின்னவள் இறங்கினாள். தான் சாயம் அடித்த படிகள் எல்லாம் யாருடையவோ போல இருந்தன.

*

கீழே துவைக்கும் அறையில் அவள் மாமியாரான அத்தை போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து மேட்ரனாக ஓய்வு பெற்றவர் அத்தை. தெருவில் இன்னமும் 'மேட்ரனம்மா'தான். அவர் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. மூலையை மடித்துச் செருகினால் அது தச்சன் இழைத்த மரம் மாதிரி நிற்கும். விருந்தாளி என்ற சொல் மட்டும் அவர் வாயில் இன்றுவரை வந்ததே இல்லை.

"மேல பேஷண்ட் ரெண்டு பேரும் டீ குடிச்சாச்சா?"

வழக்கமாகச் சின்னவள் சிரிப்பாள். "டிஸ்சார்ஜ் இன்னிக்குத்தான் அத்தை" என்பாள். இன்று ஒரு போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"என்னம்மா, முகம் வெளிறிக் கிடக்கு? சாப்பிட்டியா?"

"வெயில் அத்தை."

"காலங்காத்தால ஏது வெயில்?"

அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பாசமாகப் பிடிக்கிறாரா, நாடி பார்க்கிறாரா என்று யாருக்கும் தெரியாத பிடி அது. சின்னவளுக்கு அழுகை முட்டியது. மகன்கள் இரண்டு பேரும் சேர்ந்து இந்த மனுஷியின் காலடியில் இருக்கும் தரையை விலை பேசிவிட்டார்கள். வீடு அத்தை பேரில்தான் இருக்கிறது. ஆனால் பெரியவன் ஒன்று சொன்னால் அத்தை மறுத்துப் பேசி இவள் பார்த்ததே இல்லை.

இந்த நெஞ்சு தாங்குமா?

"கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல் வெளியேறினாள்.

*

சின்னவளின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். அன்று அவனுக்கு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே லிஃப்ட் இல்லை. குழிக்குள் நின்றபடி அவன் வேலை செய்துகொண்டிருந்ததால், தரை மட்டத்துக்கு மேல் அவன் மார்பும் தலையும் மட்டும் தெரிந்தன. கன்னத்தில் கிரீஸ்.

பெரிய பெரிய பைகளோடு ஓர் அம்மாள் சுவரோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் தம்பி? ஆறாவது மாடி ஏறணும் நான்."

"இதோம்மா, முடிஞ்சுது. கம்பி வடத்தை ஒரு தடவை..." என்று நிமிர்ந்தவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். கையிலிருந்த ஸ்பேனர் குழிக்குள் விழுந்து 'ணங்' என்றது.

"முந்தாநாள் மொட்டை மாடிக்கு எதுக்குப் போனீங்க?" என்றாள் சின்னவள்.

"யார் சொன்னா?"

"அப்ப போனது நிஜம்."

"இங்க பாரு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து..."

"எந்த வீட்டுக்கு? இருக்கறப்பவே சொல்லிடுங்க. சாயங்காலம் வரைக்கும் இருக்குமோ என்னமோ!"

பைகளோடு நின்ற அம்மாள் ஒரு பையைக் கீழே வைத்தார்.

"மெதுவா பேசு."

"மெதுவாவா? ஒரு வருஷமா நான் அந்த மாடியைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன். வேலையை விட்டேன். விரல்ல தோல் உரிய உரியச் சுண்ணாம்பு சுரண்டினேன். நீங்க பக்கத்துல நின்னு ஏணியைப் பிடிச்சீங்களே, அப்பவும் மனசுல இதுதான் இருந்துச்சா?"

"அப்ப இல்ல. சத்தியமா இல்ல."

"எப்ப இருந்து?"

அவன் கிரீஸ் கையால் நெற்றியைத் துடைத்தான். நெற்றியிலும் கறுப்பாயிற்று. "கொஞ்ச நாளாத்தான்."

"உங்க அண்ணன் கூப்பிட்டு, ஆமாம் போடுன்னார். நீங்க போட்டீங்க. எப்பவும் போடறதுதானே."

"அண்ணன் இல்ல."

"பின்ன?"

அவன் குழிக்குள் குனிந்து ஸ்பேனரைத் தேடினான். கிடைத்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தான்.

"நிமிருங்க" என்றாள் சின்னவள். "நிமிர்ந்து என்னைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அத்தையை எங்க கொண்டுபோய் வைக்கப் போறீங்க? இதைக் கேட்டா அவங்க நெஞ்சு வெடிச்சுடும்னு யோசிச்சீங்களா?"

அவன் நிமிர்ந்தான். அந்தப் பார்வையைச் சின்னவள் எதிர்பார்க்கவில்லை. குற்றம் செய்தவன் பார்வையாக அது இல்லை. அடிபட்ட குழந்தையைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான்.

"அம்மாகிட்ட நீயே பேசு" என்றான். "நான் வாய் திறக்கறதில்லைன்னு வாக்கு குடுத்திருக்கேன். நீ பேசு. ஆனா கத்தாதே. அவங்க பேசறதை முழுசாக் கேளு."

"யாருக்கு வாக்கு குடுத்தீங்க?"

"போய்ப் பேசு."

"நல்ல புருஷன்!" என்றாள் சின்னவள். குரல் உடைந்தது. "தேடிப் பிடிச்சுத்தான் கட்டி வெச்சாங்க."

பைகள் வைத்திருந்த அம்மாள் தொண்டையைக் கனைத்தார். "தப்பா நினைக்காதேம்மா. அந்தத் தம்பி முகத்தைப் பார்த்தா திருடன் முகமாத் தெரியல. எதையோ முழுங்க முடியாம நிக்கற முகமா இருக்கு." பிறகு குழியை எட்டிப் பார்த்தார். "நீயும் அந்த லிஃப்டை ஓட விடு சாமி. சண்டை எங்க போயிடப் போகுது?"

*

சின்னவள் வீட்டு வாசலை அடைந்தபோது டாக்டரம்மாவின் கார்க் கதவு திறந்திருந்தது. கணவர் பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்தபடி நின்றார். இவள் வருவதை இருவரும் பார்க்கவில்லை.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க கேட்டபடியே அந்த முன்பக்க மரத்தை வெட்ட மாட்டோம். பின்கட்டையும் இடிக்க மாட்டோம். இதை எழுத்துல வேணும்னாலும் குடுக்கறேன்."

"எழுத்தெல்லாம் எதுக்கு? சொன்னா போதும்" என்றார் அத்தை. "ஆனா இன்னும் நான் சரின்னு சொல்லல. ஞாபகம் இருக்கட்டும். சின்னவகிட்ட பேசிட்டுக் காலையில சொல்றேன்."

"பாவம், அவங்க ரொம்ப ஆடிப் போயிட்டாங்க. நான்தான் உளறிட்டேன். நீங்க நேத்தே சொல்லியிருப்பீங்கன்னு..."

"நேத்து வாய் வரைக்கும் வந்துச்சு."

சின்னவள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

கார் கிளம்பியது. அத்தை திரும்பினார். பார்த்தார். மேட்ரனாக இருந்து எத்தனையோ வீட்டாருக்கு எத்தனையோ செய்தி சொன்னவர். அவர் முகத்தில் அன்று முதன்முறையாக ஒரு பயத்தைச் சின்னவள் பார்த்தாள்.

"மேல வா" என்றார் அத்தை. "படுக்கையை மாத்தணும்."

*

மாடி அறையில் ஒரு பக்கம் அத்தை, ஒரு பக்கம் சின்னவள். நடுவில் படுக்கை. விருந்தாளிகள் போனதும் இருவரும் சேர்ந்து விரிப்பை உருவுவது வழக்கம். அத்தை தன் பக்க முனைகளை எடுத்துவிட்டார். சின்னவள் தன் பக்கத்தைத் தொடவில்லை.

"உங்களுக்கு எப்ப தெரியும் அத்தை?"

"நான்தாம்மா ஆரம்பிச்சேன்."

சின்னவள் படுக்கையை விட்டு ஓரடி பின்னால் போனாள்.

"பெரியவனுக்கு ஃபோன் போட்டு, ஆள் பாருன்னு சொன்னது நான். சின்னவனைக் கூப்பிட்டு, உன் பொண்டாட்டிகிட்ட நானே சொல்றேன், நீ வாயைத் திறக்காதேன்னு வாக்கு வாங்கினதும் நான்."

"நீங்களா?"

"நான்தான்."

"பெரியவர் நெருக்கினாரா? பயப்படாம சொல்லுங்க அத்தை."

"அவன் எதுக்கு நெருக்கணும்?" அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். விருந்தாளிகளின் கட்டிலில் அவர் உட்கார்ந்து சின்னவள் பார்த்ததில்லை. "ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்பா அம்மா ரெண்டு பேரும் மேல இருந்து அழைப்பு மணியை அடிச்சுக்கிட்டே இருந்தாங்களே?"

இருந்தது. அத்தை விடிய விடிய அந்தக் குழந்தைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெற்றோர் ஆப்பில், 'இந்த வீட்டில் ஓர் ஆஸ்பத்திரியே இருக்கிறது' என்று எழுதினார்கள்.

"அதை நீ எனக்குப் படிச்சுக் காட்டினே. உனக்கு அவ்வளவு சந்தோஷம். ஓடிப்போய் விளம்பரத்துல என்னைப் பத்தி ரெண்டு வரி சேர்த்தே. எனக்கு அப்பதாம்மா குலை நடுங்கிச்சு. அதுக்கப்புறம் வர்றவங்க எல்லாம் என்னைக் கேட்டே வந்தாங்க. தலைவலி, வயித்துவலி, புருஷன் பொண்டாட்டி சண்டை, எல்லாத்துக்கும் மணி."

"நீங்க சந்தோஷமா செய்யறீங்கன்னு நான்..."

"எனக்கு வேற மாதிரி செய்யத் தெரியாது." அத்தை தன் கைக்கடிகாரத்தைத் தொட்டார். "வேலையை விட்டு வந்த அன்னிக்கு இதைக் கழட்டி அலமாரியில போட்டேன். இனிமே மணி பார்க்க வேண்டாம்னு. உன் மாமனார் படுத்தாரு. மாத்திரைக்கு மணி பார்க்கணுமே, திரும்பக் கட்டினேன். அவர் போனாரு, கழட்டினேன். நீ மாடியைத் திறந்தே. திரும்பக் கட்டினேன்."

சின்னவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"மணி அடிச்சா ஓடணுமே, யார் முன்னாடி எந்தக் கோலத்துல நிக்கறதுன்னு கொண்டையைக்கூட அவுக்காம படுக்கறேன். கழுத்து வலிக்குது. அதை ஒருத்தர்கிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"ஒரு வார்த்தை, அத்தை! என்கிட்ட ஒரு வார்த்தை!"

"எப்படிச் சொல்றது? முதல் நாள் நீ மூக்கு நுனியெல்லாம் வெள்ளைச் சாயத்தோட வந்து, 'எப்படி இருக்கு அத்தை?'ன்னு நின்னே. நல்லா இருக்குன்னேன். நிஜமாவே நல்லாத்தான் இருந்துச்சு. அதுலயே மாட்டிக்கிட்டேன். அப்புறம் தினமும் நல்லா இருக்குன்னே சொல்லிக்கிட்டு வந்தேன்."

சின்னவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகக் கிளம்பின. முந்திக்கொண்டது ஆத்திரம்தான்.

"அதுக்காக? அதுக்காக என்னைக் கூத்தாடி ஆக்கிட்டீங்களே அத்தை! வீடு வாங்க வந்தவங்களுக்கு நான் அறை அறையாத் திறந்து காட்டினேன். காத்து வருது, வெயில் வருதுன்னு பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். நீங்க மூணு பேரும் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. வீட்டை என் வாயாலயே விக்க வெச்சீங்க!"

"அது தப்பு" என்றார் அத்தை.

சின்னவள் அடுத்ததைச் சொல்ல வாயெடுத்து நின்றாள். அத்தை சமாதானம் சொல்வார், காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"பெரிய தப்பு. அதுக்கு நான் நியாயம் பேச மாட்டேன். அவங்க வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். ஆனா நீ அவ்வளவு அழகா காட்டினே. வாய் வரலை."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளில் போனார்கள். மணிச் சத்தம் தெருக்கோடி வரை போய் மறைந்தது.

"வித்துட்டு எங்க போறதா இருக்கீங்க? பெரியவர் வீட்டுக்கா?"

"இல்ல."

"எங்ககூடத்தானே?"

"இல்லம்மா." அத்தை தலையை ஆட்டினார். "ரெண்டு தெரு தள்ளி ஒரு சின்ன இடம் பார்த்து வெச்சிருக்கேன். ஒரு ரூம், ஒரு அடுப்பு. அழைப்பு மணி இல்ல. வேணும்னா போட்டுத் தர்றேன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. வேண்டவே வேண்டாம்னுட்டேன்."

தனியாகவா! இத்தனை வருஷம் யாரையும் தனியாக விடாத அத்தையா! சின்னவளுக்குக் காதுக்குள் இரைந்தது. அவளும் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். இருவரும் எதிரெதிர்த் திசையைப் பார்த்தபடி, முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"காலையில டாக்டரம்மாவுக்குப் பதில் சொல்லணும்" என்றார் அத்தை. "உன் உழைப்பு இந்த மாடி. நீ வேண்டாம்னா விக்க மாட்டேன். கோவத்துல சொல்லல, நிஜமாத்தான் சொல்றேன்."

"வேண்டாம்னு சொன்னா?"

"நாளைக்கு வேற யாராவது வருவாங்க. மணி அடிப்பாங்க. நான் எந்திரிப்பேன்."

"எந்திரிக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

"எந்திரிக்காம இருக்கத் தெரிஞ்சிருந்தா, இந்த வீட்டை எதுக்கும்மா விக்கறேன்?"

சின்னவள் தன் கோபம் எங்கே போனது என்று தேடினாள். இருந்தது, ஆனால் பிடிக்க வரவில்லை. நீலப் படிகள், திரைச்சீலை, அவளை நம்பி வந்து போன அத்தனை முகங்கள்; இந்தப் பக்கம் கொண்டையோடு படுத்திருக்கும் ஒரு மனுஷி.

அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

அத்தையின் உடம்பு பாதி எழுந்துவிட்டது. பேச்சு நடந்த நினைவே அந்த உடம்புக்கு இல்லை. ஒரு கை தானாகவே கொண்டையைச் சரி பார்த்தது. சின்னவள் அதைப் பார்த்தாள். பார்க்கப் பொறுக்கவில்லை. எழுந்து சுற்றி வந்து, அத்தையின் இரண்டு தோளிலும் கை வைத்து அழுத்தினாள்.

"உட்காருங்க."

"யாரோ..."

"யாரா இருந்தாலும் சரி. இன்னிக்கு யாரும் பதிவு பண்ணல. நான் போறேன். நீங்க காலை நீட்டிப் படுங்க. இந்தக் கட்டில்லயே படுங்க."

அத்தை அவளை அண்ணாந்து பார்த்தார். பிறகு, பழக்கமில்லாத ஒன்றைச் செய்கிறவர் போல, மெல்ல ஒரு காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்.

*

சின்னவள் வெளிப்படிகளில் இறங்கி வாசலுக்கு வந்தாள்.

கேட்டுக்கு வெளியே ஒரு பெரிய பெட்டி நின்றது. பெட்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பெரியவனின் மனைவி நின்றாள். இந்த வீட்டுக்கு எப்போது வந்தாலும், குளியலறை வசதியில்லை என்று வெளியே ஓட்டலில் தங்கிவிட்டுப் போகிறவள். மடிப்புக் கலையாமல் உடுத்துகிறவள். இன்று உடையெல்லாம் கசங்கிக் கிடந்தது. காலில் வீட்டுக்குள் போடும் ரப்பர்ச் செருப்பு.

"அக்கா! என்னக்கா இது? அவர் வரலையா?"

"மாடியில யாராவது தங்கியிருக்காங்களா?"

"இல்லக்கா. இப்பதான் காலியாச்சு."

"எனக்கு வேணும். ஒரு வாரம். மத்தவங்க குடுக்கற வாடகையே குடுத்துடறேன்."

"என்ன பேச்சுக்கா இது? நம்ம வீட்டுல நீங்க வாடகை..."

"நம்ம வீடுன்னு வந்தா ஏன் வந்தே, எதுக்கு வந்தேன்னு கேப்பீங்க." அவள் உதடு துடித்தது. "வாடகைக்கு வந்தவங்களைக் கேக்க மாட்டீங்கல்ல?"

சின்னவள் கேட்டைத் திறந்தாள். உள்ளே வந்தவள் பெட்டியை விடாமல் அவள் கையையும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரியக் கூடாது. அத்தைக்கும் தெரியக் கூடாது. அவங்க பிள்ளைகிட்ட மறைக்க மாட்டாங்க." அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள். "வீட்டை விக்கறதுக்கு அத்தை சரின்னுட்டாங்களா?"

"நாளைக்குக் காலையில சொல்றதா இருக்காங்க."

"நாளைக்கேவா?" பிடி இறுகியது. "சொல்ல விடாதே. எப்படியாவது தடுத்துடு. ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் சொல்றேன். அதைக் கேட்டுட்டு அப்புறம் உன் இஷ்டம்."

மாடி ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. மூத்த மருமகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"யாரும்மா அது?" அத்தையின் குரல், படுத்தும் படுக்காத குரல். "நான் இறங்கி வரட்டுமா?"

மறைத்ததற்காகக் கணவனைக் குழிக்குள்ளேயே நிற்க வைத்துக் கேட்டவள். மறைத்ததற்காக அத்தையிடம் நெஞ்சு வெடிக்கக் கத்தியவள். சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலில் அத்தையின் முகம் தெரியவில்லை. கழற்றாத கடிகாரம் கட்டிய கை மட்டும் தெரிந்தது.

"வர வேண்டாம் அத்தை!" என்று உரக்கச் சொன்னாள். "யாரோ விலாசம் மாறி வந்துட்டாங்க. அனுப்பிட்டேன்."

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! சொன்னது தன் வாய்தானா என்று திகைத்து, அந்த ஜில்லென்ற கையைப் பிடித்தபடியே நின்றாள் சின்னவள்.